தோட்டமும் தொழுவமும் துணையாகுமா?

நோய் தீர்வதற்கு நான்கு வேண்டும் என்று வள்ளுவப் பெருந்தகை 'மருந்து' என்னும் அதிகாரத்தில் வகுத்து வைத்தார். நோயுற்றவர், நோயைத் தீர்க்கும் மருத்துவர், மருந்து, அருகிருந்து அம்மருந்தைக் கொடுத்துப் பேணுபவர் என்பன அந்நான்கு. முதல் மூன்றையும் பற்றி நாம் ஓயாது பேசுகிறோம். எந்த மருத்துவர் கைராசிக்காரர், எந்த மருந்து உயர்ந்தது என்றெல்லாம் வீட்டுத் திண்ணையிலும் படகுத் துறையிலும் ஆராய்கிறோம். நான்காமவரைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. நோயாளியின் பகற்பொழுது எவ்வாறு கழிகிறது, அவர் கைக்கு என்ன வேலை இருக்கிறது, அவர் வரவை எதிர்பார்த்து நிற்கும் உயிர் ஒன்றேனும் உண்டா என்ற வினாக்கள் எல்லாம் அந்நான்காம் பகுதியைச் சேர்ந்தவை.

அந்நான்காம் இடத்தில் மனிதரோடு சேர்த்து ஆட்டையும் பசுவையும் கோழியையும் காய்கறிப் பாத்தியையும் நிறுத்திப் பார்க்கும் முயற்சி இன்று பல நாடுகளில் நடைபெறுகிறது. ஊரார் கூடி ஒரு பண்ணை அமைக்கின்றனர். உளநோயுற்றோர், பேச்சு வராத குழந்தைகள், கைகால் முடங்கியோர், துணையின்றி வாடும் முதியோர் ஆகியோர் கிழமைக்கு இரண்டு மூன்று நாள் அங்கு வருகின்றனர். தீனி வைத்தும், நீர் இறைத்தும், விதை ஊன்றியும் பொழுதைக் கழித்து வீடு திரும்புகின்றனர். பயிற்சி பெற்ற ஒருவர் உடனிருந்து அவர்களைக் கவனித்து வருகிறார். இதனை நாம் பண்ணைவழிச் சிகிச்சை என்று கூறலாம்.

"இஃது என்ன விந்தை! ஆட்டுப் புழுக்கை அள்ளினால் நோய் தீர்ந்துவிடுமா?" என்று அன்பர் சிலர் நகைக்கக் கூடும். நகைப்பதற்கும் இதில் இடம் உண்டு. நம்புவதற்கும் இடம் உண்டு. எதற்கு எவ்வளவு இடம் என்று அளந்து கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மேலைநாட்டின் பழைய வழக்கு

பெல்ஜியம் நாட்டில் கீல் என்றோர் ஊர் உண்டு. டிம்ப்னா என்னும் புனிதையின் கோயில் அங்கே இருக்கிறது. மனம் பேதலித்தவர்களுக்கு அப்புனிதை அருள் புரிவாள் என்னும் நம்பிக்கையால் இடைக்காலத்திலிருந்தே மக்கள் திரள் திரளாக அங்கு வந்தனர். கோயில் விடுதியில் இடம் போதாமற் போகவே, ஊரில் உழவுத் தொழில் செய்த குடும்பத்தினர் அவர்களைத் தம் வீடுகளில் வைத்துக்கொண்டனர். வந்தவர் வீட்டாரோடு உண்டனர், வீட்டாரோடு வயலுக்குச் சென்றனர், மாடுகளைப் பார்த்துக்கொண்டனர். அவர்களை நோயாளிகள் என்று சொல்லாமல், வீட்டில் தங்குபவர் என்றே அவ்வூரார் குறிப்பிடுகின்றனர். 1930-களின் இறுதியில் இவ்வாறு தங்கியோர் தொகை மூவாயிரத்தைத் தாண்டியது. தொகை வெகுவாகக் குறைந்துவிட்ட போதிலும், அவ்வழக்கம் இன்றும் அற்றுப் போய்விடவில்லை.

இங்கிலாந்தில் யார்க் நகருக்கு அருகில் வில்லியம் டியூக் என்னும் வணிகர் 1796-ஆம் ஆண்டில் ஓர் இல்லம் திறந்தார். அக்காலத்தில் உளநோயுற்றோரைச் சங்கிலியாற் பிணித்து, இருட்டறையில் அடைப்பதே மருத்துவம் எனக் கருதப்பட்டது. டியூக்கின் இல்லத்திலோ தோட்டம் இருந்தது. முயலும் கோழியும் கடற்பறவையும் முற்றங்களில் உலவின. தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாதவர் என்று உலகம் ஒதுக்கியவர்கள், தம்மினும் சிறிய உயிர்களைக் காப்பாற்றத் தலைப்பட்டனர். இவ்விளக்கத்தை அவருடைய பேரர் சாமுவேல் டியூக் 1813-இல் நூலாகவே எழுதி வெளியிட்டார்.

நம் சென்னையிலும் உளநோய் மருத்துவமனை 1794-ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. 1871-இல் கீழ்ப்பாக்கத்திற்கு இடம் பெயர்ந்த அம்மருத்துவமனைக்கு 1961-இல் தலைமையேற்ற டாக்டர் சாரதா மேனன் அம்மையார், உள்ளே இருப்போருக்குக் கைத்தொழில் வழியே மறுவாழ்வு அளிக்கும் பகுதியை ஏற்படுத்தினார். மருந்து நோயைத் தணிக்கலாம். ஆயினும் வேலையற்ற கை மீண்டும் மனத்தைக் குலைத்துவிடும் என்பதை அம்மையார் போன்றோர் நன்கு அறிந்திருந்தனர்.

நாயும் குதிரையும் ஆற்றிய பணி

அமெரிக்க உளநூல் அறிஞர் போரிஸ் லெவின்சன் என்பாருக்கு ஜிங்கிள்ஸ் என்றொரு நாய் இருந்தது. எவரோடும் பேச மறுத்த சிறுவன் ஒருவனைப் பெற்றோர் குறித்த நேரத்திற்கு முன்பாகவே அழைத்து வந்துவிட்டனர். அறையிலிருந்த நாயோடு சிறுவன் விளையாடத் தொடங்கினான். நாயோடு பேசியவன் மெல்ல மெல்ல நாயின் தலைவரோடும் பேசலானான். இதனை அடிப்படையாகக் கொண்டு லெவின்சன் 1960-களில் கட்டுரைகளும் நூலும் எழுதினார். முதலிற் கேட்ட அறிஞர் பலர் எள்ளி நகையாடினர். பின்னர் அவரே இத்துறையின் முன்னோடி எனப் போற்றப்பட்டார்.

நியூயார்க் மாநிலத்தில் கிரீன் சிம்னீஸ் என்னும் பண்ணைப் பள்ளி 1947-இல் தொடங்கப்பெற்றது. உள்ளக் கொந்தளிப்பால் பிற பள்ளிகளில் நிலைக்க முடியாத சிறார்கள் அங்கே படிப்போடு கால்நடைகளையும் பேணி வருகின்றனர்.

டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்ட்டெல் என்னும் மங்கையார் 1944-இல் இளம்பிள்ளை வாதத்தால் தாக்குண்டார். முழங்காலுக்குக் கீழே அவருக்கு உணர்வும் வலிமையும் மீளவே இல்லை. குதிரைமேல் ஏற்றிவிடவும் இறக்கிவிடவும் பிறர் துணை வேண்டியிருந்தது. அந்நிலையிலும் 1952-ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். 1956-இல் மீண்டும் வென்றார். அதன் பின்னரே குதிரைவழிச் சிகிச்சை பல நாடுகளில் பரவிற்று. இதில் மாயம் ஏதும் இல்லை. குதிரை நடக்கும்போது அதன் முதுகு முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் அசைகிறது. அவ்வசைவு, மனிதர் நடக்கும்போது இடுப்பெலும்பு அசைவதை ஒத்தது. தானே நடக்க மாட்டாத குழந்தையின் இடுப்பும் முதுகும் அவ்வசைவுக்கு ஈடுகொடுத்து நிமிரப் பழகுகின்றன.

ஹாங்காங்கில் ஜில் ராபின்சன் என்னும் அம்மையார் 1991-இல் 'டாக்டர் நாய்' என்னும் திட்டத்தைத் தொடங்கினார். சாந்த குணமுள்ள நாய்களை மருத்துவமனைகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் அழைத்துச் செல்வதே அத்திட்டம். பின்னர் அது புளூ கிராஸ் சங்கத்தின் வாயிலாகச் சென்னைக்கும் வந்தது.

ஆனந்தவனம்

வெளிநாட்டுச் செய்திகள் கிடக்கட்டும். நம் நாட்டிலேயே இதற்குத் தலைசிறந்த சான்று ஒன்று உண்டு. அதுவே மகாராட்டிர மாநிலம் வரோராவை அடுத்துள்ள ஆனந்தவனம்.

முரளிதர தேவிதாச ஆம்டே என்பவர் வழக்கறிஞர். செல்வக் குடியிற் பிறந்தவர். ஒரு நாள் மழையில் தெருவோரம் கிடந்த தொழுநோயாளி ஒருவரைக் கண்டு அஞ்சி அகன்றார். அவ்வச்சமே பின்னர் அவரை வருத்திற்று. அச்சத்தை வெல்வதே தம் கடமை எனத் துணிந்து, கல்கத்தாவிலுள்ள வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் தொழுநோய் மருத்துவம் பயின்றார். 1951-ஆம் ஆண்டில் அரசு அளித்த கற்பாங்கான காட்டு நிலத்தில் குடியேறினார். உடன் வந்தோர் அவருடைய மனைவி சாதனாதாய் அம்மையார், கைக்குழந்தைகள் இருவர், தொழுநோயாளர் அறுவர். கையிருப்பு 14 ரூபாய். இவற்றோடு நொண்டிப் பசு ஒன்று, நாய் ஒன்று.

அன்பர்கள் அந்தப் பட்டியலை மீண்டும் ஒரு முறை நோக்கவேண்டும். மருத்துவமனைக் கட்டடம் அதில் இல்லை. பசு இருக்கிறது, நாய் இருக்கிறது. விரல் மழுங்கிய கைகளைக் கொண்டே கிணறு வெட்டினர், நிலத்தைத் திருத்தினர், காய்கறி பயிரிட்டனர். தொழுநோயாளர் விளைத்த காயையும் கறந்த பாலையும் வாங்க வரோரா மக்கள் முதலில் மறுத்தனர். 1950-களில் வெளிநாட்டு இளைஞர் தொண்டர் குழு ஒன்று வந்து தங்கி, ஆனந்தவனத்தாரோடு சேர்ந்து உழைத்துக் கட்டடம் எழுப்பியது. அவர்கள் அவ்வுணவையே உண்டு நலமாக இருப்பதைக் கண்ணாரக் கண்ட பின்னரே ஊராரின் அச்சம் விலகிற்று. பாலும் காயும் விலைபோகத் தொடங்கின.

பிச்சை இட்டால் மனிதன் தாழ்கிறான், உழைப்பு வாய்த்தால் நிமிர்கிறான் என்பதே பாபா ஆம்டேயின் கொள்கை. 1985-இல் மகசேசே விருதும், 1999-இல் காந்தி அமைதிப் பரிசும் பெற்ற அப்பெரியார் 2008-இல் மறைந்தார். அவர் மைந்தர் பிரகாசு ஆம்டே 1973 முதல் எமல்கசாவில் பழங்குடி மக்களுக்கு மருத்துவம் செய்து வருவதோடு, தாயிழந்த காட்டு விலங்குகளையும் வளர்த்து வருகிறார்.

ஆனந்தவனத்திலும் தொழுநோயைத் தீர்த்தது மருந்தே, பசு அன்று. இதனை ஐயமின்றிக் கூறவேண்டும். ஆனால் நோய் தீர்ந்த பின்னும் "நான் எவருக்கும் வேண்டாதவன்" என்று ஒருவன் நெஞ்சில் எஞ்சி நின்ற புண்ணை ஆற்றியவை அந்நிலமும் அத்தொழுவமுமே.

ஆராய்ச்சி கூறுவது யாது?

கதைகள் உள்ளத்தைத் தொடும். ஆயினும் கணக்கு வேண்டும் அன்றோ? அமெரிக்காவில் ரோஜர் உல்ரிக் என்பார் பென்சில்வேனியா மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவை செய்துகொண்டோரின் பழைய ஏடுகளை ஆராய்ந்து, 1984-இல் முடிவை வெளியிட்டார். சாளரத்தின் வழியே மரங்களைக் காணும் வாய்ப்புப் பெற்ற 23 பேரையும், செங்கற் சுவரையே கண்டு கிடந்த 23 பேரையும் அவர் ஒப்பிட்டார். மரங்களைக் கண்டவர் சராசரியாக முக்கால் நாள் முன்பாகவே வீடு திரும்பினர். கடுமையான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது.

நார்வே நாட்டில் உளநோயுற்ற 90 பேரை இரு பிரிவாக்கி ஓர் ஆய்வு நடைபெற்றது. 2008-இல் அதன் முடிவு வெளியாயிற்று. ஒரு பிரிவினர் 12 வாரம், வாரத்திற்கு இரண்டு முறை, மும்மூன்று மணி நேரம் பண்ணையில் கால்நடைகளோடு வேலை செய்தனர். மற்றப் பிரிவினர் வழக்கமான மருத்துவம் மட்டுமே பெற்றனர். 12 வாரம் முடிந்தவுடன் பெரிய வேறுபாடு தென்படவில்லை. ஆறு திங்கள் கழித்து வினவியபோது, "என்னால் இயலும்" என்னும் தன்னம்பிக்கை பண்ணைக்குச் சென்றவரிடம் மிகுந்திருந்தது. வாழ்க்கை மனநிறைவு என்னும் அளவையிலோ இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தனர்.

இதிலிருந்து நாம் கொள்ளத் தக்க பாடம் தெளிவானது. பண்ணை உடனே பலன் தருவதன்று. எல்லாப் பலனும் தருவதும் அன்று. மெல்ல வேரூன்றும் ஒரு நன்மையை அது தருகிறது. நெதர்லாந்து நாட்டில் இத்தகைய பண்ணைகள் ஆயிரத்துக்கு மேல் பெருகியிருப்பது, மாயத்தை நம்பியன்று; அச்சிறு நன்மையை மதித்தேயாம்.

நம் தீவில் நம் நிலை

இனி நம் இல்லத்துச் செய்திக்கு வருவோம். இரயில் பாதை ஓரடியும் இல்லாத இத்தீவில் இரயில் பயணச்சீட்டு எழுதுவது நம் பணி. இங்கிருந்து தாயகம் செல்வோர் சென்னையில் இறங்கியபின் எங்கே செல்கின்றனர் என்பது நம் மேசைக்குத் தெரியும். திருமணத்திற்குச் செல்வோர் உண்டு; திருவிழாவிற்குச் செல்வோர் உண்டு. ஆண்டு முழுவதும் மாறாது கேட்கப்படும் ஊர்ப் பெயர் ஒன்றும் உண்டு, அது காட்பாடி. காட்பாடி என்று கேட்டால் வேலூர் மருத்துவமனை என்று பொருள். ஒரே குழந்தையின் பெயரை ஆண்டுதோறும் எழுதும்போது, அதன் வயது மட்டும் ஏறிக்கொண்டே போவதைக் காண்கிறோம்.

வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் உளநல நிலையத்தில் நோயாளியோடு குடும்பத்தாரும் உடன் தங்கும் வழக்கம் 1950-களிலிருந்தே உண்டு. வள்ளுவர் கூறிய நான்காம் பகுதியை அங்குள்ளோர் மறக்கவில்லை என்பதற்கு அது சான்று. ஆயினும் தங்கும் நாட்கள் முடிந்தபின் திரும்பி வரவேண்டுவது இத்தீவுக்கே அன்றோ? கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள்; விமானத்தில் இரண்டு மணி நேரம்; எவ்வழியாயினும் ஒரு கூலித் தொழிலாளியின் பல திங்கள் சேமிப்பு. திரும்பி வந்தபின் அக்குழந்தை ஃபீனிக்ஸ் பேயின் நெருங்கிய வீடுகளுள் ஒன்றில், தகரக் கூரையின் கீழ், சுவரை நோக்கியே அமர்ந்திருக்கிறது. உறவினர் வந்தால் உள்ளறைக்கு அனுப்பப்படுகிறது. பெற்றோர் கொடியவர் அல்லர். ஊரார் நாவுக்கு அஞ்சுபவர்.

இன்னொன்றையும் கூறவேண்டும். 2004-ஆம் ஆண்டு திசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை இத்தீவுகளைத் தாக்கியபின், பெங்களூர் நிம்ஹான்ஸ் நிலையத்திலிருந்து உளநல மருத்துவர் குழுவினர் வந்து முகாம்களில் தங்கிப் பணியாற்றினர். அவர்கள் சென்றபின் துயரமும் சென்றுவிட்டது என்று எவரும் எண்ணலாகாது. அலை எழும் ஓசை கேட்டால் இன்றும் எழுந்து அமரும் முதியோர் நம்மிடையே உள்ளனர். பிள்ளைகள் பிழைப்புக்காகத் தாயகம் சென்றுவிட, பேரக்குழந்தைகளின் குரலைத் தொலைபேசியில் மட்டும் கேட்டு வாழும் பாட்டிமாரும் உள்ளனர்.

இராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்து இங்கே தச்சு வேலை செய்யும் அன்பர் ஒருவர் அண்மையில் நம்மிடம் ஒரு செய்தி கூறினார். அவர் மகனுக்குப் பத்து வயது, ஆட்டிசம் என்று மருத்துவர் கூறியுள்ளனர், பேச்சு இல்லை. நகருக்கு வெளியே அவர் வேலை செய்த வீட்டில் ஆடுகள் இருந்தன. வேறு வழியின்றி மகனையும் உடன் அழைத்துச் சென்றார். முதல் இரண்டு நாள் சிறுவன் காதைப் பொத்திக்கொண்டு அலறினான். மூன்றாம் நாள் கீழே கிடந்த பலா இலை ஒன்றை எடுத்து நீட்டினான். ஆடு தின்றது. அடுத்த இலையை எடுத்தான்.

"பேச்சு வந்ததா அண்ணே?" என்று வினவினோம்.

"பேச்சு வரவில்லை தம்பி. ஆனால் ஆடு தின்று முடிக்கும்வரை காத்திருக்கிறான். இதுவரை எதற்கும் காத்திருந்தவன் அல்லன். இப்போது வீட்டில் சோறு ஆறும்வரையும் காத்திருக்கிறான். அவன் தாய்க்கு அது போதும்" என்றார்.

வேலை முடிந்தது, அவ்வீட்டுக்குச் செல்லும் காரணமும் முடிந்தது. சிறுவன் மாலை நான்கு மணிக்குச் செருப்பை எடுத்துக்கொண்டு வாயிலில் நிற்பது மட்டும் முடியவில்லை என்று அவர் கூறியபோது, நம்மால் மறுமொழி கூற இயலவில்லை.

பண்ணை எவ்வாறு நடைபெற வேண்டும்?

ஆட்டைக் காட்டிவிட்டு அனுப்புவது சிகிச்சை ஆகாது, அது வேடிக்கை. ஒவ்வொருவருக்கும் ஒரு குறிக்கோள் வேண்டும். விரல்கள் இறுகிய குழந்தைக்குச் சோளத்தை ஒவ்வொரு மணியாகப் பொறுக்கிக் கோழிக்கு இடுவது பயிற்சி. தோள் தளர்ந்தவருக்கு அரை வாளி நீரைத் தொட்டிவரை சுமப்பது பயிற்சி. கூட்டத்தைக் கண்டு அஞ்சும் இளைஞருக்கு முதலில் பசுவைத் தேய்த்துக் குளிப்பாட்டுவதும், பின்னர் இன்னொருவரோடு சேர்ந்து அதைச் செய்வதும், அதன்பின் முட்டையைச் சந்தைக்கு எடுத்துச் செல்வதும் படிப்படியான பயிற்சி. மறதி நோயுற்ற முதியவருக்குக் கறிவேப்பிலையும் துளசியும் மல்லிகையும் உள்ள பாத்தியே பாடநூல். மணம் சில சமயம் பெயரினும் நெடுநாள் நினைவில் நிற்கும்.

இவற்றை இயன்முறை மருத்துவரோ, தொழில்வழிச் சிகிச்சை பயின்றவரோ, உளநல மருத்துவரோ வகுத்துத் தரவேண்டும். நாளும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கவேண்டும். மூன்று திங்களில் மாற்றம் யாதும் இல்லையாயின் முறையை மாற்றவேண்டும். பண்ணைக்கு வருகிறோம் என்று மருந்தை நிறுத்துதல் அறவே கூடாது.

வேண்டுவன பெரியவை அல்ல. யானையும் குதிரையும் நமக்கு எட்டா. ஆடு, கோழி, வாத்து, ஒன்றிரண்டு பசு போதும். காராச்சர்மாவில் 1978 முதல் மத்திய அரசின் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இயங்கி வருகிறது. நிறைய முட்டையிடுவதும், நோயைத் தாங்குவதுமான நிக்கோபாரிக் கோழியைப் பற்றி அங்குள்ளோர் நெடுங்காலம் ஆராய்ந்துள்ளனர். அவர்களிடம் அறிவுரை பெறலாம்.

எச்சரிக்கை சில

நன்மையை மட்டும் கூறித் தீமையை மறைத்தல் நட்பு ஆகாது. முதலாவது, எலிக்காய்ச்சல். 1980-களின் இறுதியில் டிக்லிப்பூர்ப் பகுதியில் காய்ச்சலும் நுரையீரலில் இரத்தக் கசிவும் கண்டு பலர் வருந்தினர். அந்தமான் இரத்தக்கசிவுக் காய்ச்சல் என்றே அது வழங்கப்பட்டது. பின்னர் இங்குள்ள மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தார் அஃது எலிக்காய்ச்சலே எனத் தெளிந்தனர். எலி, ஆடு, மாடு, பன்றி, நாய் ஆகியவற்றின் சிறுநீர் கலந்த நீரிலும் சேற்றிலும் இருந்து அந்நோய் தோலின் கீறல் வழியே நுழைகிறது. ஆண்டில் பெரும்பகுதி மழை பெய்யும் இத்தீவில் தொழுவத்து ஈரம் எளிதில் காயாது. ஆகவே பண்ணையில் மேடான தரை, வடிகால், முழங்கால்வரை ரப்பர்ப் பூட்சு, வேலை முடிந்தபின் சோப்பிட்டுக் கைகால் கழுவுதல் ஆகியவை முதற்கடமை. காலில் புண் உள்ளவரை அன்று தொழுவத்துக்குள் விடலாகாது. மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டால் தாமதியாது மருத்துவரைக் காணவேண்டும்.

இரண்டாவது, நாய். வெறிநாய்க்கடி நோய் இல்லாத பகுதி என்று இத்தீவுகள் பெயர் பெற்றுள்ளன. அப்பெயரை நம்பிக் கவனக் குறைவு கூடாது. தாயகத்திலிருந்து முறைப்படி அன்றி நாயைக் கொண்டுவருதல், நமக்கு வாய்த்த அப்பேற்றை நாமே கெடுத்துக்கொள்வதாகும்.

மூன்றாவது, விலங்கின் நலம். கூண்டில் அடைபட்டு நடுங்கும் முயலால் எவர் உள்ளமும் ஆறாது. ஆட்டுக்கும் ஓய்வு நேரம் உண்டு. ஒதுங்கிக்கொள்ள இடம் வேண்டும். டால்பினோடு நீந்தினால் குழந்தை குணமாகும் என்று அயல்நாடுகளில் பெரும்பொருள் பறிப்போர் உளர். அதற்குத் தக்க சான்று இல்லை. டால்பினை அடைத்து வைத்துக் காட்சி நடத்துவதை நம் இந்திய அரசு 2013-ஆம் ஆண்டிலேயே தடுத்துவிட்டது. அத்தகைய விளம்பரங்களைக் கண்டு நம் தாய்மார் ஏமாறலாகாது.

நான்காவது, உழைப்பைச் சுரண்டுதல். சிகிச்சை என்னும் பெயரால் நோயாளியைக் கூலியில்லா ஆளாக்குதல் பெரும்பாவம். விளைந்த காயும் முட்டையும் விற்ற பணத்தில் உழைத்தவருக்குப் பங்கு உண்டு என்பது முதல் நாளே எழுதி வைக்கப்பட வேண்டும். ஆனந்தவனத்தார் நிமிர்ந்தது தம் உழைப்பின் பயனைத் தாமே பெற்றதனால் அன்றோ?

செய்யத் தக்கது

ஃபீனிக்ஸ் பேயில் பண்ணைக்கு இடம் இல்லை என்பது யாவரும் அறிந்ததே. மேட்டிலும் சரிவிலும் வீடுகள் நெருங்கி நிற்கின்றன. கீழே படகுத் துறையும் பணிமனையும் இருக்கின்றன. ஆனால் நகருக்குத் தெற்கே ஆடும் மாடும் தோட்டமும் உடைய நம்மவர் குடும்பங்கள் பல உள்ளன. கீலில் பண்ணை என்று தனியே ஒன்றைக் கட்டவில்லை என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். இருந்த வீடுகளே கதவைத் திறந்தன. அவ்வாறே நம்மவருள் இருவர் அல்லது மூவர் வாரத்தில் ஒரு பிற்பகல் தம் தொழுவத்தைத் திறந்துவைக்க முன்வந்தால் தொடக்கம் ஆகிவிடும். வண்டிச் செலவைச் சங்கம் ஏற்கலாம். மருத்துவர் ஒருவரின் மேற்பார்வையை நாடிப் பெறலாம்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டுள்ளது. ஆட்டிசமும் உளநோயும் அவற்றுள் அடங்கும். சான்றிதழ் பெறாத குடும்பத்தார் அதனைப் பெறுதல் வேண்டும். உள்ளம் கலங்கிய நேரத்தில் இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசுதற்கு 14416 என்னும் டெலி மானஸ் தொலைபேசி எண் 2022 முதல் உள்ளது. இதனைச் சுவரில் எழுதி வைத்தல் நன்று.

நிலம் பின்னர்க் கிடைக்கும்; ஆடும் பின்னர் வாங்கலாம். முதற்கண் வேண்டுவது ஒரு பெயர்ப் பட்டியல். உள்ளறையில் இருத்தப்பட்ட குழந்தைகள் எத்தனை பேர், பேச்சுத் துணையற்ற முதியோர் எத்தனை பேர் என்று நம் சங்கத்திடம் கணக்கு இல்லை. பெற்றோர் எழுதிக் கொடுத்தாலன்றி அது கிடைக்காது. எழுதித் தரும் பெயர் செயற்குழுவினரைத் தவிரப் பிறர் கண்ணிற் படாமல் காக்கப்படுதல் வேண்டும். தொழுவம் திறக்க இசைவோரும் தம் பெயரை உடன் தெரிவிக்கலாம். மாலை நான்கு மணிக்குச் செருப்போடு வாயிலில் நிற்கும் சிறுவன் ஒருவனை நாம் அறிவோம். மற்றவர் யாவர் என்பதை அன்பர்களே கூறவேண்டும்.